கைமாறும் பணமும் கையில் நிற்கும் பணமும்

வருவதை முன்னரே அறிய விரும்பாத மனிதர் இல்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ள பழுகாமத்தில் வேளாண்மை செய்யும் குடியானவர் ஐப்பசி பிறந்ததும் வானத்தை நோக்குகின்றார். மழை வேளைக்கு வருமா, நவகிரிக் குளம் நிரம்பி வான் பாயுமா, அறுவடைக் காலத்தில் நெல் என்ன விலைக்குப் போகும் என்னும் கேள்விகள் அவருடைய குடும்பத்தின் ஓராண்டு வாழ்வையே தீர்மானிப்பவை. இத்தகைய கேள்விகளையே சரக்காக வைத்து நடத்தப்படும் ஒருவகைச் சந்தை இன்று உலகிற் பெருகியுள்ளது. அதனை முன்கணிப்புச் சந்தை என்பர். இந்தியாவில் அது கருத்து வர்த்தகம் என்ற பெயரால் வழங்கியது. இச்சந்தைகளிற் பல்லாயிரம் கோடி புரள்கின்றது என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. புரளும் பணம் வேறு, சந்தையை நடத்துவோர் பெறும் வருமானம் வேறு. அவ்வருமானத்தை மதிப்பிடுவது எவ்வாறு, அம்மதிப்பீடு பொதுமக்களுக்கு எதற்காக வேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் இச்சந்தை நடைபெறும் முறையை அறிதல் வேண்டும். 'மார்கழி முடிவதற்குள் நவகிரிக் குளம் வான் பாயும்' என்பது ஒரு கூற்று எனக் கொள்வோம். கூற்று மெய்யானால் 100 ரூபாய் தரும் சீட்டு ஒன்று விற்கப்படுகின்றது. மெய்யாகும் என நம்புவோர் அதனை 60 ரூபாய்க்கு வாங்குகின்றனர். மெய்யாகாது என நம்புவோர் எதிர்ச்சீட்டை 40 ரூபாய்க்கு வாங்குகின்றனர். இரு தொகையும் சேர்ந்து 100 ரூபாயாகின்றது. குளம் வான் பாய்ந்தால் அந்த 100 ரூபாயும் முதற் சாராருக்கு. பாயாவிட்டால் மற்றச் சாராருக்கு. 60 ரூபாய் என்னும் விலை, வான் பாய்வதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டெனச் சந்தையிற் கூடியோர் கருதுவதைக் காட்டுகின்றது. இக்காரணம் பற்றியே அறிஞர் சிலர் இச்சந்தைகளை விரும்புகின்றனர். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் 1988ஆம் ஆண்டிலேயே தேர்தல் முடிவுகளை ஆராயும் பொருட்டு இத்தகைய சந்தை ஒன்றைத் தொடங்கியது. அங்கு ஒருவர் 500 டொலருக்கு மேல் இடுதல் கூடாது. ஆராய்ச்சியே அதன் நோக்கம், வருமானமன்று.

ஆயினும், மழையை வைத்துப் பணம் கட்டுவது இன்றைய புதுமை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கல்கத்தா நகர வணிகர்கள், கூரைப் பீலியிலிருந்து நீர் வழியும் அளவுக்கு மழை பெய்யுமா என்பதன் மேற் பந்தயம் கட்டினர். அதனைத் தடுக்க வங்காள அரசு 1897ஆம் ஆண்டில் மழைச்சூதுக்கென்றே ஒரு சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. இது வாணிபமா, சூதா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது, இன்னும் முடிந்தபாடில்லை.

இனி வருமானத்துக்கு வருவோம். கூலிக்கு நெல் குத்தும் ஆலை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரு போகத்தில் ஆயிரம் மூடை நெல் அந்த ஆலையினுள்ளே சென்று அரிசியாக வெளிவருகின்றது. அந்த ஆயிரம் மூடையின் விலையை ஆலையின் வருமானம் என்று எவரும் சொல்லமாட்டார். குத்துக்கூலியே அதன் வருமானம். முன்கணிப்புச் சந்தையும் அவ்வாறே. குளத்தின் மேல் நூறு சீட்டு விலைபோனால், ஒரு சாரார் 6,000 ரூபாயும் மறுசாரார் 4,000 ரூபாயுமாக 10,000 ரூபாய் இட்டிருப்பர். சந்தையை நடத்துபவர் நூற்றுக்கு 2 வீதம் கட்டணம் பெறுவாராயின், அவர் கையில் நிற்பது 200 ரூபாய். எஞ்சிய 9,800 ரூபாய் வென்றோருக்குத் திரும்பிச் செல்கின்றது. கைமாறிய பணம் 10,000, வருமானம் 200.

இவ்வேறுபாட்டைப் பழைய ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். கௌடிலியரின் அர்த்த சாத்திரம் சூதாட்டத்தைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை விதிக்கின்றது. வென்றவன் பெறும் பொருளில் நூற்றுக்கு 5 பங்கை அவ்வதிகாரி கொள்ளவேண்டும். அன்றியும், கவறுகளுக்கான வாடகை, இடத்துக்கும் நீருக்குமான கட்டணம், அனுமதிக்கான கட்டணம் என்பனவும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. பந்தயத் தொகை முழுவதையும் அரசின் வரவாக அந்நூல் கணக்கிடவில்லை.

ஆகவே, இத்தொழிலின் வருமானத்தை மதிப்பிட இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, கைமாறிய மொத்தத் தொகை. மற்றொன்று, கட்டண வீதம். இரண்டையும் பெருக்கினால் வருமானம் கிடைக்கும். கேட்பதற்கு இது எளிய கணக்கு. ஆனால் இவ்விரண்டுமே வழுக்கும் நிலங்கள்.

கைமாறிய தொகையை எண்ணும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். மேற்சொன்ன ஒரு சீட்டை, அதன் முகமதிப்புப்படி 100 ரூபாய் என எண்ணலாம். வாங்கியவர் கொடுத்தபடி 60 ரூபாய் எனவும் எண்ணலாம். இரு சாரார் கணக்கிலும் ஒவ்வொரு முறை முகமதிப்பைப் பதிந்து 200 ரூபாய் எனக் காட்டவும் கூடும். மேலும், குளத்தின் முடிவு தெரியுமுன் அச்சீட்டை வாங்கியவர் மற்றொருவருக்கு விற்கலாம். அவர் இன்னொருவருக்கு விற்கலாம். ஒவ்வொரு விற்பனையும் மொத்தத் தொகையிற் சேரும். எனவே, சந்தை ஒன்றின் பெரிய எண்ணைக் கண்டவுடன், அஃது எம்முறையில் எண்ணப்பட்டது என்று வினவுதல் முதற் கடமை.

கட்டண வீதமும் நிலையானதன்று. அமெரிக்காவிற் கல்ஷி என்றொரு நிறுவனம் உண்டு. அந்நாட்டின் பண்ட எதிர்கால வர்த்தக ஆணையத்தின் அங்கீகாரத்தை அது 2020ஆம் ஆண்டிற் பெற்றது. அங்கே சீட்டு மெய்யானால் ஒரு டொலர் கிடைக்கும். அந்நிறுவனத்தின் பொதுவான கட்டணச் சூத்திரம் இது: சீட்டின் விலையையும், ஒரு டொலரில் அவ்விலை போக எஞ்சியதையும் பெருக்கி, வந்த தொகையை 0.07 ஆற் பெருக்கவேண்டும். விலை 50 சதமாயின் கட்டணம் 1.75 சதம். விலை 90 சதமாயின் கட்டணம் 0.63 சதம் மாத்திரமே. முடிவு ஐயத்துக்கு இடமாக உள்ளபோது கட்டணம் மிகும். முடிவு ஏறக்குறையத் தெரிந்துவிட்டபோது கட்டணம் குறையும். எனவே எத்தனை சீட்டு விற்றது என்பதோடு, எந்த விலையில் விற்றது என்பதும் தெரிந்தாலன்றி வருமானத்தைச் சரியாகக் கணித்தல் இயலாது.

எனினும் ஓர் எல்லையை வகுக்கலாம். 2024ஆம் ஆண்டிற் கல்ஷியிற் கைமாறிய தொகை, முகமதிப்புக் கணக்கில், ஏறக்குறைய 200 கோடி டொலர் என்பது பத்திரிகைச் செய்தி. எல்லாச் சீட்டுகளும் 50 சதத்தில் விற்றிருந்தாற் கட்டணம் 3.5 கோடி டொலராகும். எல்லாம் 90 சதத்தில் விற்றிருந்தால் 1.26 கோடி டொலராகும். அவ்வாண்டு அந்நிறுவனத்தின் வருமானம் ஏறக்குறைய 2.4 கோடி டொலர் எனச் செய்தி வெளியாயிற்று. அஃது இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே அமைகின்றது. கைமாறிய தொகையில் அது நூற்றுக்கு 1.2 பங்கே.

அதே 2024ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பொலிமார்க்கெட் என்னும் சந்தையில் அமெரிக்க சனாதிபதித் தேர்தலின் வெற்றியாளர் யார் என்ற ஒரே கேள்வியின் மேல் 360 கோடி டொலருக்கு மேற் கைமாறியது. ஆனால் அக்காலத்தில் அச்சந்தை வர்த்தகக் கட்டணம் எதனையும் பெறவில்லை. 360 கோடியைப் பூச்சியத்தாற் பெருக்கினால் விடை பூச்சியமே. புரளும் தொகையைக் கொண்டு வருமானத்தை ஊகிப்பது எத்துணைப் பிழையாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அங்ஙனமாயின், நியூயோர்க் பங்குச் சந்தையின் உரிமையாளரான நிறுவனம் 2025 ஒக்டோபரில் 200 கோடி டொலர் வரை பொலிமார்க்கெட்டில் முதலிட இணங்கியது எதனால்? அச்சந்தையில் உருவாகும் தரவுகளை உலகெங்கும் விநியோகிக்கும் உரிமையும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. தரவு விற்பனை, மக்கள் இட்டுவைத்த பணத்தின் மேற் கிடைக்கும் வட்டி, பின்னர் விதிக்கக்கூடிய கட்டணம் ஆகியனவும் இத்தொழிலின் வரவுகளே. கௌடிலியர் கூறிய இட வாடகையும் நீர்க் கட்டணமும் இன்று வேறு வடிவம் கொண்டு வந்துள்ளன எனலாம்.

இனி அண்டை நாடான இந்தியாவைப் பார்ப்போம். அங்கே 2019ஆம் ஆண்டில் தொடங்கிய புரோபோ என்னும் நிறுவனம் இத்துறையில் முன்னணியில் நின்றது. 2023-24 நிதியாண்டில் அதன் வருமானம் ஏறக்குறைய 459 கோடி இந்திய ரூபாய். இத்துறையில் 5 கோடிப் பயனர்கள் ஈடுபட்டிருந்தனர் என்றும், ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய்க்கு மேற் கைமாறியது என்றும் 2025ஆம் ஆண்டிற் செய்தித்தாள்கள் எழுதின. முன்னது ஒரு நிறுவனத்தின் வருமானம். பின்னது ஒரு துறை முழுவதிலும் புரண்ட தொகை. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் நெல்லையும் குத்துக்கூலியையும் ஒரே தராசில் இடுவது போலாகும். வருமானத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட முயன்றாலும் இடர் நீங்காது. கட்டணம் நூற்றுக்கு 5 என்று கொண்டால் 459 கோடி வருமானத்துக்கு 9,180 கோடி ரூபாய் கைமாறியிருக்கவேண்டும். கட்டணம் நூற்றுக்கு 10 என்று கொண்டால் 4,590 கோடி போதும். ஒரு சிறு ஊகம் மாறினால் விடை பாதியாகிவிடுகின்றது.

இவ்வளவு நுணுகிக் கணக்கிடுவது எதற்காக என்று நேயர்கள் வினவலாம். காரணம் இரண்டு.

முதற் காரணம் குடும்பத்தின் பணப்பெட்டியைப் பற்றியது. நவகிரிக் குளத்து உதாரணத்தை மீண்டும் நோக்குவோம். இரு சாராரும் சேர்ந்து இட்டது 10,000 ரூபாய். இரு சாராரும் சேர்ந்து திரும்பப் பெற்றது 9,800 ரூபாய். குறைந்த 200 ரூபாய் நடத்துநரின் வருமானம். ஆகவே, கட்டண வருமானம் என்பது ஆடுவோர் அனைவரும் கூட்டாக இழந்த தொகையே. தனி ஒருவர் வெல்லலாம், கூட்டம் வெல்லாது. எஞ்சிய 9,800 ரூபாயை அதே கூட்டம் மறுவாரமும் இடுகின்றது என்க. இவ்வாறு வாரம் ஒருமுறை ஐம்பது வாரம் சென்றால், கூட்டத்தின் கையில் ஏறக்குறைய 3,640 ரூபாய் மாத்திரமே மிஞ்சும். 6,360 ரூபாய் கட்டணமாகப் போயிருக்கும். அதற்கிடையிற் கைமாறிய தொகையோ ஏறக்குறைய 3,18,000 ரூபாய் எனக் கணக்கிற் பதிவாகும். வீடுகளிலிருந்து முதலில் வந்த பணம் 10,000 ரூபாய் மாத்திரமே. நூற்றுக்கு இரண்டு என்னும் சிறு கட்டணம் ஓராண்டில் அதன் மூன்றில் இரண்டு பங்கை உண்டுவிடுகின்றது. கூட்டத்தினுள்ளே கணக்குத் தெரிந்த சிலரும், இயந்திர வேகத்தில் வாங்கி விற்கும் நிறுவனங்களும் இருப்பின் அவர்களது இலாபமும் எஞ்சியோரிடமிருந்தே வரும். ஆகையாற் சாதாரணக் குடும்பங்களின் இழப்பு, நடத்துநரின் வருமானத்திலும் மிகுதியாகவே இருக்கும்.

பழுகாமத்தில் திரௌபதை அம்மனுக்குக் கோயில் உண்டு. தீமிதிப்பும் அங்கே நடைபெறுகின்றது. ஆதலாற் பாரதத்துச் சூதாட்டக் கதை அவ்வூராருக்குப் புதியதன்று. அக்கதையிலே தருமன் இழந்த நாடும் நகரும் முழுமையாகத் துரியோதனனைச் சேர்ந்தன. இக்காலச் சந்தையிலோ, ஆட்டமண்டபத்தின் உரிமையாளர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தமது பங்கை எடுத்துக்கொள்கின்றார். தருமன் வென்றாலும் துரியோதனன் வென்றாலும் அவருக்குக் கவலை இல்லை. ஆட்டம் நிற்காமல் நடைபெறுவதே அவருக்கு வேண்டும்.

2025 ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவில் எழுந்த விவாதம் இதனை நன்கு விளக்கும். இணையப் பணவிளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டம் அப்போது நாடாளுமன்றத்துக்கு வந்தது. அவ்விளையாட்டுகளால் ஏறத்தாழ 45 கோடி மக்கள் ஆண்டுதோறும் 20,000 கோடி ரூபாய் அளவில் இழக்கின்றனர் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. தொழில் நடத்துவோரின் சங்கங்களோ, தமது துறையின் ஆண்டு வருமானம் 31,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றும், அதனை அழித்தலாகாது என்றும் முறையிட்டன. ஒரு தரப்பார் இழப்பென்று சொன்னதையும் மறுதரப்பார் வருமானமென்று சொன்னதையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். இரண்டும் பெரும்பாலும் ஒரே பணத்தின் இரு பெயர்கள். ஆட்டக்காரரின் பையிலிருந்து போனதே நடத்துநரின் பைக்கு வருகின்றது. ஆயினும் இரு எண்களும் ஒத்துப்போகவில்லை. எதனை இழப்பெனக் கொள்வது, விளம்பர வரவு போன்றவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்பதிற் பொது வரையறை இல்லாதவிடத்து எண்கள் இவ்வாறு விலகிநிற்பது இயல்பே. கோடிக்கணக்கான மக்களைத் தொடும் சட்டம் ஒன்று, இத்துணை விலகிய இரு எண்களின் நடுவே விவாதிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. அச்சட்டத்துக்கு ஆகஸ்ட் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். புரோபோவும் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நிறுத்தியது. அதற்கு முன்பே, ஏப்பிரல் மாதத்தில், செபி எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம், கருத்து வர்த்தகம் தனது கண்காணிப்பின் கீழ் வராதென்றும், முதலீட்டாளருக்குரிய பாதுகாப்பு எதுவும் அதிற் கிடையாதென்றும் பொதுமக்களை எச்சரித்திருந்தது.

இரண்டாவது காரணம் வரி. வருமானம் எது என்னும் வரையறை மாறினால் வரி தலைகீழாக மாறும். ஒருவர் 100 ரூபாய் இடுகின்றார்; நடத்துநரின் கட்டணம் 10 ரூபாய் எனக் கொள்வோம். கட்டணத்தின் மேல் நூற்றுக்கு 18 வரி என்றால், அரசுக்குக் கிடைப்பது 1 ரூபாய் 80 சதம். இந்தியாவில் 2023 ஒக்டோபர் 1ஆம் நாள் முதல் இணையப் பணவிளையாட்டுகளில் இட்ட தொகை முழுவதன் மேலும் நூற்றுக்கு 28 வரி விதிக்கப்பட்டது. அவ்வாறாயின் அதே 100 ரூபாய்க்கு வரி 28 ரூபாய். நடத்துநரின் வருமானம் பத்து, வரியோ இருபத்தெட்டு. கைமாறும் பணத்துக்கு வரி விதித்தால் தொழில் நிலைத்தல் அரிது. கையில் நிற்கும் பணத்துக்கு வரி விதித்தால் தொழில் வளரும். எது வேண்டும் என்பது மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும் தீர்மானிக்கவேண்டியது. ஆனால் இரண்டில் எதனை அளக்கின்றோம் என்று தெரியாமலே தீர்மானித்தல் ஆகாது.

இலங்கையிலும் இவ்வினா தொலைவில் இல்லை. பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் உரிய அறவீட்டுச் சட்டம் 1988ஆம் ஆண்டு முதல் இங்கு உண்டு. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. அத்தகைய சபை எதுவாயினும், ஆட்டம் நடத்துவோரிடம் முதலிற் கேட்டுப் பெறவேண்டிய கணக்குகள் மூன்று. மக்கள் இட்ட பணம் எவ்வளவு? மக்களுக்குத் திரும்பிச் சென்ற பணம் எவ்வளவு? இழந்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் இழந்தது எவ்வளவு? முதல் இரண்டின் வேறுபாடு, இழப்பு முழுவதன் அளவைக் காட்டும். மூன்றாவது, அந்த இழப்பு பலரிடம் சிறுசிறு தொகையாகப் பரவியுள்ளதா, சில குடும்பங்களின் மேற் பெருஞ்சுமையாக விழுந்துள்ளதா என்பதைக் காட்டும்.

கைத்தொலைபேசி இன்று படுவான்கரையின் எந்த வீட்டிலும் உண்டு. பாடசாலை மாணவன் கையிலும் அஃது இருக்கின்றது. அதன் திரையில், 'உங்கள் அறிவுக்குப் பரிசு' என்ற தோரணையில் ஓர் ஆட்டம் வந்து நின்றால், அதிற் கோடிக்கணக்கிற் பணம் புரள்கின்றது என்ற விளம்பரம் ஒருவரை மயக்கக்கூடும். புரளும் பணம் ஆடுவோரின் செல்வத்தைக் காட்டுவதன்று. அதில் எவ்வளவு திரும்பி வரும் என்று பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்குக் கணக்கிட்டுக் காட்டுவாராக. குளத்தின் உதாரணத்தில் உள்ளது கூட்டலும் கழித்தலும் பெருக்கலுமே. எட்டாம் வகுப்பு மாணவன் தானே செய்துபார்க்கக்கூடிய கணக்கு அது. ஐம்பது வாரக் கணக்கை ஒருமுறை தன் கையாற் செய்து பார்த்த மாணவனுக்கு, அதற்குமேல் எச்சரிக்கை மிகுதியும் தேவைப்படாது.